முத்துச்சாமியின் முடி: கண்டி அரச மைத்துனரும் பிரித்தானிய நட்பும்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் வளைவை அடுத்து வட்டப்புளுவ என்னும் ஊர் அமைந்துள்ளது. நகரம் விரிந்து அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டு நெடுங்காலமாயிற்று. 1950களில் மினெற் டி சில்வா வகுத்த வீடமைப்புத் திட்டத்தின் வாயிலாகவே கட்டிடக் கலை பயில்வோர் பலர் அவ்வூரின் பெயரை அறிவர். வரலாறு பயில்வோருக்கோ அது வேறொரு காரணத்தால் தெரிந்த இடம். 1803ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் பிரித்தானியப் படையொன்று முற்றாக அழிந்த இடம் அது. அப்படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் டேவியின் பெயரால் அங்கு நின்ற மரமொன்று 'டேவி மரம்' என வழங்கலாயிற்று.

டேவியின் படையினர் கொல்லப்பட்டதற்கு முன்னாள் அதே ஆற்றங்கரையில் வேறொருவர் பகைவர் கையில் ஒப்படைக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்றரை மாதங்களாகக் கண்டியின் அரசர் என்ற பெயரைத் தாங்கியிருந்தவர் அவர். பிரித்தானியர் முடி சூட்டிய அவரைப் பிரித்தானியரே ஒப்படைத்தனர். அவர் பெயர் முத்துச்சாமி. இராஜாதி இராஜசிங்கனின் அரசியர் ஒருவரின் உடன்பிறந்தார். எமது பாடநூல்களில் அவருக்குக் கிடைப்பது ஒரு வரி. சிலவற்றில் அதுவும் இல்லை. 'பொம்மை அரசன்' என்ற அடைமொழியுடன் அந்த ஒரு வரியும் முடிந்துவிடும். பொம்மையாக இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அரச குடும்பத்தவர் ஒருவர் எவ்வாறு பொம்மையாக ஆக்கப்பட்டார், அவரை ஆட்டுவித்தோர் ஏன் அவரைக் கைவிட்டனர், அவர் வீழ்ச்சிக்கு அவர் பிறந்த இனம் காரணமா அல்லது அவர் தேடிக்கொண்ட நட்புக் காரணமா என்னும் வினாக்கள் இன்றும் ஆராயத்தக்கன. ஏனெனில் கண்டி நாயக்கரைப் பற்றி நம் நாட்டில் இரு தரப்பாரும் பேசும் பேச்சுக்கள் பலவும் இவ்வினாக்களைத் தட்டிக்கழிப்பதால் பிறப்பனவே.

முதலில் முத்துச்சாமியின் உரிமை எத்தன்மையது என்பதை நோக்குதல் வேண்டும். கண்டியின் கடைசிச் சிங்கள மன்னன் எனக் கொள்ளப்படும் வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் 1739இல் பட்டத்துக்குரிய மைந்தன் இன்றி இறந்தான். மதுரை நாயக்கர் வழிவந்த அவனது அரசியின் உடன்பிறந்தார் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினார். 1747இல் அவரும் மைந்தனின்றி மறைய, அவருடைய அரசியின் உடன்பிறந்தாரே கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனாக முடி சூடினார். 1782இல் அவர் இறந்தபோது தம்பியார் இராஜாதி இராஜசிங்கன் பட்டத்துக்கு வந்தார். ஆக, கண்டியில் அரசியின் உடன்பிறந்தார் அரசராவது புதுமையன்று. ஒரே நூற்றாண்டில் இருமுறை நடந்தேறி, பிரதானிகளாலும் பௌத்த சங்கத்தாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம் அது. 1798 ஜூலையில் இராஜாதி இராஜசிங்கன் மைந்தனின்றி இறந்தபோது, அவருடைய அரசியின் உடன்பிறந்தாராகிய முத்துச்சாமி அரியணைக்கு உரிமை கோரியது இம்முன்னுதாரணங்களை வைத்தே என்க.

ஆனால் முன்னுதாரணம் மட்டும் முடியைத் தந்துவிடுவதில்லை. கண்டிச் சமூகம் நிலத்தையும் அதனோடு பிணைந்த ஊழியத்தையும் அடிப்படையாகக் கொண்ட நிலமானியச் சமூகம். மேட்டு நிலக் குடும்பங்கள் சிலவற்றின் கையில் அதிகார், திசாவை முதலிய பதவிகள் சுழன்றுவந்தன. அக்குடும்பங்கள் தம்முள் போட்டியிட்டமையால், அவற்றில் ஒன்றைச் சேர்ந்தவர் அரசராவதை மற்றவை பொறுத்துக்கொள்ளா. வெளியிலிருந்து வந்த நாயக்கர் அரசர்களாக நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். எவருடைய குடும்பத்துக்கும் உரியவர் அல்லாதவரே எல்லோருக்கும் அரசராக இருத்தல் கூடும் என்ற கணக்கு அது. நாயக்கர் தெலுங்கு மரபினர், தமிழ் பேசியவர், கண்டியில் பௌத்தத்தின் புரவலராக விளங்கியவர். சியாம் நாட்டிலிருந்து உபாலி தேரரையும் பிற பிக்குகளையும் வரவழைத்து 1753இல் உபசம்பதாச் சடங்கை மீண்டும் நிலைநாட்டியது கீர்த்தி ஸ்ரீயின் ஆட்சியிலேயே. அதே கீர்த்தி ஸ்ரீக்கு எதிராகப் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் 1760இல் சூழ்ச்சி செய்து சியாமிய இளவரசர் ஒருவரை அரியணையேற்ற முயன்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. அன்னியர் ஒருவரை நீக்க மற்றோர் அன்னியரை நாடியவர்கள், தம் எதிர்ப்பு அன்னியத்தன்மைக்கு எதிரானது என்று சொல்லிக்கொண்டார்கள். அரசரின் உறவினர் கண்டியின் மலபார் வீதியில் குடியிருந்து வாணிகமும் கொடுக்கல் வாங்கலும் நடத்தினர். அவர்களிடம் கடன்பட்ட பிரதானிகளும் இருந்தனர். கடன்காரனை வெறுக்க இனக் காரணம் வசதியான போர்வை.

1798இல் முதல் அதிகாராக இருந்தவர் பிலிமத்தலாவை. அரசர் மறைந்ததும் வாரிசைத் தெரிவு செய்யும் வல்லமை நடைமுறையில் அவர் கையில் இருந்தது. அவர் முத்துச்சாமியைத் தெரிவு செய்யவில்லை. அரச குடும்ப உறவுக் கிளையில் வந்த, பதினெட்டு வயது மதிக்கத்தக்க கண்ணுச்சாமி என்ற இளைஞரை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏற்றினார். கண்ணுச்சாமி உண்மையில் அதிகாரின் மகனே என்ற வதந்தியும் அக்காலத்தில் உலவிற்று. வதந்தியின் உண்மை பொய்யைவிட அது எதற்குப் பயன்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. அரசரின் பிறப்பை ஐயத்துக்குரியதாக்கும் பேச்சு, அவரை நீக்க விரும்பிய எவருக்கும் கைகொடுத்தது. அதிகாரின் நோக்கம் வெளிப்படையானது. உரிமை வலுவுடையவர் எவருக்கும் கடமைப்படமாட்டார். உரிமை வலுவற்ற இளைஞரோ தம்மை அரியணையேற்றியவருக்குக் கட்டுப்பட்டிருப்பார். அவ்விளைஞரை வைத்து ஆண்டு, காலம் கனியும்போது அவரையும் அகற்றித் தாமே அரசராவது என்பதே பிலிமத்தலாவை போட்ட கணக்கு. முத்துச்சாமியும் சுற்றத்தாரும் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர் அவர் தப்பிக் கரையோரத்தை ஆண்ட பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தார்.

அவர் மீது வேறொரு பழியும் உண்டு. முந்திய அரசரின் காலத்திலேயே மோசடிக் குற்றத்துக்காக அவர் பகிரங்கமாகத் தண்டிக்கப்பட்டார் என்றும், அத்தகைய இழுக்கு நேர்ந்தவர் அரசராதல் கண்டி வழக்கப்படி ஆகாது என்றும் ஆங்கிலேயர் எழுதிய நூல்களே கூறுகின்றன. இக்கூற்று உண்மையாயின், இத்தகையவரைக் கண்டியர் ஏற்கமாட்டார் என்பதை அறிந்தே பிரித்தானியர் அவரை முடிசூட்டினர் என்றாகும். பொய்யாயின், வீழ்ந்தபின் அவர்மேல் சுமத்தப்பட்ட கதையாகும். எவ்வாறு கொண்டாலும் முடிசூட்டியவருக்கு அது பெருமை தருவதாக இல்லை.

இனி, முத்துச்சாமி தேடிய நட்பின் இயல்பைப் பார்ப்போம். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் சார்பில் பிரெடரிக் நோர்த் 1798 அக்டோபரில் ஆள்பதியாக வந்து சேர்ந்தார். கரையோரம் கையில் இருந்ததேயொழிய, கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கும் பாதை கண்டி அரசினூடாகவே செல்லவேண்டியிருந்தது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கையில் விழாது காக்கப்படல் வேண்டும் என்பது அன்றைய பிரித்தானியக் கடற்கொள்கை. கறுவா, பாக்கு முதலிய விளைபொருள்கள் மீதான ஆர்வம் தனி. இந்தியாவில் அதே வேளையில் வெல்லெஸ்லி பிரபு 'துணைப்படை' உடன்படிக்கைகளால் சுதேச அரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். நோர்த் அவரோடு நெருங்கிய கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்.

வெல்லெஸ்லியின் முறை தமிழகத்தில் எவ்வாறு இயங்கிற்று என்பதை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தஞ்சையில் அமர்சிங்குக்கும் சரபோஜிக்கும் இடையே எழுந்த வாரிசு வழக்கில் கும்பினியார் சரபோஜியின் உரிமையை ஆதரித்தனர். 1798இல் அவர் அரியணை ஏறினார். 1799இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. நாட்டின் நிருவாகம் கும்பினியாரிடம் சென்றது. கோட்டையும் ஓய்வூதியமும் அரசரென்ற பெயரும் சரபோஜிக்கு எஞ்சின. 1801இல் சிவகங்கையில் மருது சகோதரரின் எழுச்சியை ஒடுக்கும் பொருட்டு, அரச குடும்ப உரிமை கோரிய படமாத்தூர் உடையத்தேவரைக் கும்பினியார் சமீன்தாராக நியமித்தனர். உரிமை மறுக்கப்பட்ட உறவினரைக் கண்டுபிடித்து, அவர் உரிமைக்கு நீதி வழங்குவதாகக் கூறி, நீதியின் கூலியாக நாட்டை எடுத்துக்கொள்வது என்பதே அம்முறை. முத்துச்சாமி நோர்த்தின் கண்ணில் பட்டபோது அம்முறைக்கு வேண்டிய உறவினர் தாமாகவே வந்து வாய்த்தார் எனலாம்.

எனினும் நோர்த் உடனடியாக முத்துச்சாமியைப் பயன்படுத்தவில்லை. அவருக்கு அப்போது அதனினும் வலிய நண்பர் ஒருவர் கிடைத்திருந்தார். 1799இன் தொடக்கத்தில் அவிசாவளையில் பிலிமத்தலாவை நோர்த்தைச் சந்தித்தார். தம் அரசரை அகற்றத் துணைசெய்யுமாறு அதிகார் கேட்டார். அரசரைக் கொல்வதற்கு உடந்தையாகமாட்டேன் என்றார் ஆள்பதி. ஆனால் அத்துடன் பேச்சை முறித்துக்கொள்ளவோ, கண்டி அரசரிடம் செய்தியைத் தெரிவிக்கவோ அவர் முற்படவில்லை. அரசரின் உயிருக்குத் தீங்கின்றி, ஆட்சி அதிகாரிடமும் பாதுகாப்புப் பிரித்தானியரிடமும் இருக்கும் ஏற்பாடு ஒன்றைப் பற்றித் தொடர்ந்து பேசினார். 1800இல் மக்டவல் தளபதி பெரும் படைப்பிரிவோடு 'தூது' சென்றதும் இதன் தொடர்ச்சியே. நோர்த்தின் மனச்சான்று கொலைக்கு மட்டுமே நாணிற்று, வஞ்சனைக்கு நாணவில்லை என்பது அவருடைய கடிதங்களை வாசிப்போர் பலர் கண்ட முடிபு. ஒரு நாட்டின் அரசரோடு தூதுறவு, அவருடைய அமைச்சரோடு இரகசிய உறவு, அவருடைய போட்டியாளருக்கு அடைக்கலம் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் ஒரே மாளிகையிலிருந்து நடத்தப்பட்டன. அம்மூன்றுக்கும் ஆவணங்களில் வழங்கிய பெயர் நட்பு.

1802இல் புத்தளப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் வணிகர் கண்டி நாட்டில் கொள்முதல் செய்த பாக்கினைக் கண்டி அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். நட்டஈடு கோரப்பட்டது, தவணை கடந்தது, போருக்குக் காரணம் கிடைத்தது. 1803 ஜனவரி இறுதியிலும் பெப்ரவரி தொடக்கத்திலுமாக மக்டவலின் தலைமையில் ஒரு படை கொழும்பிலிருந்தும், கேணல் பாபுட்டின் தலைமையில் மற்றொன்று திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டன. பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் அவை கண்டியை அடைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. அரசர் பொக்கிசங்களுடன் அங்குராங்கெத்தவுக்குச் சென்றுவிட்டார்.

எதிரி நுழையும்போது நகரைக் காலிசெய்து மலைக்குள் மறைவதும், மழையும் காய்ச்சலும் பசியும் தம் வேலையைச் செய்யும்வரை காத்திருப்பதும் கண்டியரின் பழைய போர்முறை. போர்த்துக்கேயர் அதனைப் பட்டறிந்தனர்; 1765இல் கண்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் பட்டறிந்தனர். பிரித்தானியர் வெறுமையான நகரை வெற்றி என்று கொண்டனர். அந்த வெறுமையான நகருக்குள் மார்ச் மாதத்தில் முத்துச்சாமி அழைத்துவரப்பட்டு அரசராக்கப்பட்டார். மக்களுட் பலர் அவரை விரும்புகின்றனர் எனப் பாபுட் நம்பிக்கையோடு எழுதியிருந்தார். நடந்தது வேறு. பிரதானி எவரும் பணிந்து வரவில்லை. பெரகரா நடத்தவோ, திறை செலுத்தவோ, ஊழியம் செய்யவோ ஆளில்லை. பிக்குகள் வந்து வாழ்த்தவில்லை. சிங்காசனம் இருந்தது, அதனைச் சூழ இருந்தவர்கள் பிரித்தானியச் சிப்பாய்களும் மலாயப் படையினரும் அரசரின் சுற்றத்தார் சிலருமே.

முடிக்கு ஈடாக அவர் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் நிபந்தனைகளை நோக்கின், கண்டியர் ஏன் வரவில்லை என்பது விளங்கும். ஏழு கோறளை பிரித்தானியருக்குக் கையளிக்கப்படும். கிரிகமவிலும் கலகெதரவிலும் இருந்த மலைக் காவலரண்கள் அவர்களுக்குச் சேரும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பாதை அமைக்க நிலம் தரப்படும். கறுவா பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் உரிமை தரப்படும். வேண்டுமளவு பிரித்தானியப் படை கண்டியில் தங்கும். அதன் செலவை அரசர் ஏற்பார். தஞ்சையின் பத்திரத்துக்கும் இதற்கும் எழுத்தளவில் வேறுபாடுகள் உண்டு. சாரத்தில் வேறுபாடு சிறிதே. முத்துச்சாமி விட்டுக்கொடுத்தவை எவையும் அவர் கையில் இருந்தவை அல்ல என்பதும் கருதற்பாலது. ஏழு கோறளையில் ஒரு கிராமத் தலைவர்கூட அவர் ஆணைக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. இல்லாத ஆட்சியை எழுதிக்கொடுத்து இல்லாத ஆட்சியைப் பெற்றுக்கொண்டார் அவர்.

இரண்டு மாதம் கழியுமுன் அந்தக் கடதாசிக்கும் மதிப்பில்லாமற் போயிற்று. அங்குராங்கெத்தவில் அரசரைப் பிடித்துத் தருவதாகக் கூறிய பிலிமத்தலாவையின் சொல்லை நம்பிச் சென்ற படைகள் வழிநெடுகத் தாக்கப்பட்டு வெறுங்கையோடு மீண்டன. அதன் பின்னரும் நோர்த் அதிகாரோடு பேரம் பேசினார். 1803 மே 3ஆம் நாள் தம்பதெனியவில் இருவரும் நேரில் சந்தித்தனர். எட்டப்பட்ட இணக்கம் இதுதான்: பிலிமத்தலாவை 'உத்தும் குமாரயன்' என்ற பட்டத்துடன் கண்டியில் ஆட்சி நடத்துவார், பிரித்தானியர் கேட்ட நிலமும் பாதையும் அவர்களுக்குச் சேரும், முத்துச்சாமி ஆண்டுதோறும் வழங்கப்படும் உதவித்தொகையுடன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படுவார். மார்ச்சில் முடிசூட்டப்பட்டவர் மேயில் ஓய்வூதியகாரராக எழுதப்பட்டார். அவரைச் சிறையிலிட்ட அதே அதிகாருக்கு அவருடைய நாடு பேசி முடிக்கப்பட்டது. அதிகாரோ அச்சந்திப்பிலேயே நோர்த்தைச் சிறைப்பிடிக்கத் திட்டமிட்டிருந்தார் என்றும், பாபுட் மலாயப் படையோடு எதிர்பாராது வந்துசேர்ந்ததால் அது கைகூடவில்லை என்றும் கூறுவர். ஒருவரை ஒருவர் விற்கும் அச்சந்தையில் இதனைக் கேட்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதனைத் தனிப்பட்ட நோர்த்தின் குணக்கேடாக மட்டும் விளக்குவது போதாது. அவர் பண்பட்டவர், கல்வியில் ஆர்வம் உடையவர், பாடசாலைகளை வளர்த்தவர் என்பதும் உண்மை. 1802 ஜனவரி முதல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. அதன் வருவாய் அதன் செலவுக்குப் போதவில்லை. கண்டியை அடக்குவதற்கு மலிவான வழி படையன்று, ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு ஒப்பமிட ஓர் அரசர் வேண்டும். ஒப்பமிடுபவரால் நாட்டைத் தரமுடியாது என்று தெரிந்தபோது, தரக்கூடியவர் என எண்ணப்பட்டவரிடம் அதே ஒப்பந்தம் கொண்டுசெல்லப்பட்டது. இம்முறையில் முத்துச்சாமி என்ற மனிதருக்கு இடமில்லை. அவருடைய கையொப்பத்துக்கு மட்டுமே இடம் இருந்தது.

காய்ச்சல் படையைத் தின்றுகொண்டிருந்தது. பாபுட் நோயுற்று மே மாதத்தில் இறந்தார். ஜூன் 11ஆம் நாள் மக்டவல் நோயோடு கொழும்புக்குப் புறப்பட்டார். பொறுப்பு, கண்டியை அறியாத மேஜர் டேவியிடம் வந்தது. 19ஆம் படைப்பிரிவின் ஐரோப்பியருட் பெரும்பாலோர் படுக்கையில் கிடந்தனர். ஜூன் 24 அதிகாலையில் கண்டியர் தாக்கத் தொடங்கினர். பிற்பகலில் டேவி வெள்ளைக்கொடி காட்டினார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குச் செல்லலாம், நோயாளர் பராமரிக்கப்படுவர், முத்துச்சாமியும் உடன் செல்லலாம் என்ற அளவில் அதிகாரோடு உடன்பாடு காணப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளரை விட்டுவிட்டுப் படை மழையில் புறப்பட்டு வட்டப்புளுவவை அடைந்தது. மகாவலி பெருக்கெடுத்து ஓடிற்று. ஓடமில்லை; தெப்பமில்லை.

மறுநாள் அரசரின் தூதர் வந்தனர். முத்துச்சாமியை ஒப்படைத்தால் ஆற்றைக் கடக்க வழிசெய்யப்படும் என்றனர். டேவி முதலில் மறுத்தார். தூதர் மீண்டும் வந்து, ஒப்படைக்காவிடின் பலவந்தமாகக் கொண்டுசெல்வோம் என அச்சுறுத்தினர். டேவி தம் அதிகாரிகளோடு கலந்தார். தம்மால் இனிக் காக்க இயலாது என முத்துச்சாமியிடம் அறிவித்தார். உலகெங்கும் வென்ற ஆங்கிலேயரின் படை கண்டியரின் மிரட்டலுக்கு அஞ்சும் நிலைக்குத் தாழ்ந்ததா என அவர் திகைத்துக் கேட்டதாக ஆங்கிலேயர் பதிவு செய்துள்ளனர். அவ்வியப்பு நடிப்பன்று என்றே எண்ணத் தோன்றுகிறது. தம் நாட்டவரின் வலிமையைவிட வெளியாரின் வலிமையை அவர் மெய்யாகவே நம்பியிருந்தார். அதன்மேலேயே தம் வாழ்வை வைத்திருந்தார்.

அரசர் முன் நிறுத்தப்பட்டபோது கேட்கப்பட்டதாகக் கூறப்படும் வினா கருதத்தக்கது. அரச குடும்பத்தில் பிறந்த நீர் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் தேடியது முறையா என்பதே அவ்வினா. உரிமை கோரியது குற்றமாகக் கூறப்படவில்லை. உரிமைக்காக யாரை நாடினார் என்பதே குற்றமாகக் கூறப்பட்டது. முத்துச்சாமி வாதாடவில்லை, உமது கருணைக்கு உரியேன் என்ற பொருள்பட விடையிறுத்தார். அவரும் அவரது உறவினர் சிலரும் கொல்லப்பட்டனர். தீர்ப்பளித்த ஸ்ரீ விக்கிரமனும் அதே நாயக்க குலத்தவர், அதே மொழியினர் என்பதை ஈண்டு அழுத்திக் கூறவேண்டும்.

அடுத்த நாள், ஜூன் 26ஆம் நாள், டேவியின் படை ஆயுதம் களையச் செய்யப்பட்டது. ஐரோப்பியர் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டனர். கண்டியில் விடப்பட்ட நோயாளரும் கொல்லப்பட்டனர். மலாயப் படையின் தலைவர் நூருதீன் கண்டி அரசரின் சேவையில் சேர மறுத்துப் பின்னர் உயிரிழந்தார். கழுத்தில் வெட்டுண்டும் பிழைத்த பார்ன்ஸ்லி என்னும் கோப்ரல், ஆற்றைக் கடந்து மாத்தளைப் பக்கத்துக் கோட்டையை அடைந்து செய்தி சொன்னார். டேவி கொல்லப்படவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கண்டியில் சிறைப்பட்டிருந்து அங்கேயே இறந்தார். அவர் இரகசியமாக எழுதியனுப்பிய சிறு கடிதங்கள் டொயிலியின் கைக்கு வந்தன, மீட்சி வரவில்லை. தன் சொந்த அதிகாரியையே கைவிடக்கூடிய ஆட்சி, தஞ்சமடைந்த உறவினரைக் காக்கும் என முத்துச்சாமி எதிர்பார்த்தது பேதைமை. ஆனால் அப்பேதைமை அவரோடு முடியவில்லை. பிலிமத்தலாவை 1811இல் தம் அரசருக்கு எதிரான சூழ்ச்சியில் பிடிபட்டுத் தலை இழந்தார். அவருக்குப் பின் முதல் அதிகாரான எகலப்பொல 1814இல் கிளர்ந்து தோற்று டொயிலியின் நட்பை நாடினார். அவரது குடும்பம் கண்டியில் கொடூரமாகக் கொல்லப்பட்டது. 1815இல் அவர் எதிர்பார்த்த முடி கிட்டவில்லை. 1818இல் ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கே மடிந்தார்.

இந்நிகழ்ச்சியை எழுதியோர் அவரவர் நிலைநின்று எழுதினர். ஆங்கிலேயர் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது டேவி கோழையா, சூழ்நிலையின் கைதியா என்பதை. முத்துச்சாமியை ஒப்படைத்தது படையின் மானத்துக்கு நேர்ந்த களங்கம் என்ற அளவிலேயே அவர்களுக்குப் பொருட்டாயிற்று. அப்போரைப் பாடிய 'இங்கிரிசி ஹட்டன' என்னும் சிங்களப் போர்க்காவியம் ஸ்ரீ விக்கிரமனின் வெற்றியைக் கொண்டாடுகிறது. நாயக்க அரசர் ஒருவர் அதில் சிங்கள நாட்டின் காவலராகவே நிற்கிறார். அதே வம்சத்தை இழித்துரைக்கும் 'வடிக ஹட்டன' போன்றவை அரசர் வீழ்ந்த சூழலில் எழுந்தன. ஒரே மனிதர் ஒரு பாட்டில் நாட்டின் காவலராகவும், சில ஆண்டுகளுள் மற்றொரு பாட்டில் அன்னிய வடுகராகவும் ஆனார். இடையில் மாறியது அவருடைய இரத்தமன்று. பிரதானிகளின் நலன் மாறிற்று. பிரித்தானிய ஆட்சியை வர்க்க நோக்கில் ஆராய்ந்த கொல்வின் ஆர். டி சில்வா இப்பேரங்களை விரிவாக எடுத்துக்காட்டி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எனினும் பொதுப் பேச்சில் 'அன்னிய நாயக்கர்' என்ற சொல்லாட்சி இன்னும் ஓயவில்லை.

தமிழ்த் தரப்பில் நிகழும் தவறு இதன் மறுபக்கம். கண்டியின் கடைசி அரசர் தமிழர் என்று பெருமிதம் கொள்வோர், அவ்வரசர் கொல்வித்தவரும் அதே 'தமிழர்' என்பதைச் சொல்வதில்லை. சொன்னால் பெருமிதத்தின் கணக்கு இடிக்கும். நாயக்கரின் அரசவைத் தமிழையும் உறவுத் தொடர்புகளையும் ஆராய்வது ஒன்று. இன்றைய இனக் கணக்கை அன்றைய அரியணைமேல் ஏற்றுவது வேறொன்று. முத்துச்சாமியைத் தமிழ்த் தியாகியாக்க முனைவோரும், தமிழ்த் துரோகியாக்க முனைவோரும் இதில் ஒரே தவறைச் செய்கின்றனர்.

'மலபார் இனத்தவர்' என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்றியவர் பிரித்தானியரே. ஸ்ரீ விக்கிரமன் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டார். மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் அவரையும் அவர் உறவினர் அனைவரையும் அரியணையிலிருந்து என்றைக்கும் விலக்கியது. கண்டி மாகாணங்களில் மலபார் இனத்தவரின் ஆட்சியுரிமை முற்றாக ஒழிக்கப்பட்டது என அறிவித்தது. அவருடைய உறவினர் எனக் கூறிக்கொள்ளும் ஆடவர் அனுமதியின்றி உள்ளே வரின் மரண தண்டனை என விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வம்சத்து ஆடவர் ஒருவரைத் தாமே அழைத்துவந்து சட்டபூர்வ அரசர் எனக் கூறி முடிசூட்டியவர்கள் எழுதிய வாசகம் இது. ஸ்ரீ விக்கிரமன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832இல் அங்கு இறந்தார்.

ஒப்பந்தம் எழுதிய கை காயுமுன்னரே கண்டி மக்கள் அவ்வாசகத்துக்கு ஒரு மறுப்பினை வழங்கினர். 1817இன் பிற்பகுதியில் ஊவாவில் தொடங்கி 1818இல் மலைநாடெங்கும் பரவிய பெருங்கிளர்ச்சியில் மக்கள் தம் அரசராக ஏற்றவர் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. கெப்பெட்டிபொல முதலியோர் அவர் பின் திரண்டனர். அவர் தம்மைச் சிங்களக் குடும்பம் ஒன்றின் வாரிசு எனக் கூறிக்கொள்ளவில்லை. நாயக்க அரச குடும்பத்தைச் சேர்ந்த துரைசாமி என்றே தம்மை அறிவித்தார். மக்கள் ஆயுதம் ஏந்தியது அப்பெயரின் கீழ்.